ரெக்கார்டர் மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது?

கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டரில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு ரெக்கார்டர் காரணமாக இருக்காது. மெமரி கார்டு, பேட்டரி செல், கேபிள், எப்போதோ மெனுவில் மாற்றிவிட்டு மறந்துபோன ஏதோ ஒன்று, இந்த நான்கில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். அதனால் கருவியைத் திறக்கவோ சர்வீஸுக்கு அனுப்பவோ அவசரப்பட வேண்டாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கார்டில் முக்கியமான பதிவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கார்டைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள், சோதனையெல்லாம் வேறு கார்டில் நடக்கட்டும். அப்புறம் வெளி மைக், சார்ஜர், நீட்டிப்பு கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, புது செல், ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்த கார்டு, உள்ளிருக்கும் மைக், காதில் ஹெட்போன் என்று ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். இது சுத்தமாக வந்தால் கருவி நலம். கழற்றியதை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டும்போது தொல்லை திரும்புகிறதோ, குற்றவாளி அதுதான்.

ஆன் ஆகவே இல்லை, அல்லது பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை

முதல் சந்தேகம் ஹோல்டு சுவிட்சின் மேல். பையில் போடும்போது தானாக அழுத்துப்படாமல் இருக்க வைத்த பூட்டு அது. பையிலிருந்து எடுக்கும்போது அதுவே நகர்ந்து உட்கார்ந்திருக்கும். திரையில் நேரம் ஓடுகிறது, பட்டன்கள் மட்டும் செத்துக்கிடக்கின்றன என்றால் அநேகமாக இதேதான்.

அடுத்து செல். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பழையது புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். செல் பெட்டியின் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பொடி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அல்கலைன் செல் கசிந்தால் வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செல்லை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு ஸ்பிரிங்கின் மேல் மட்டும் தடவினால் லேசாக நுரைத்துப் பொடி கரையும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட இன்னொரு குச்சியால் துடைத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். குச்சி சொட்டச் சொட்ட நனைந்திருக்கக் கூடாது. ஸ்பிரிங் வழியே ஈரம் உள்ளே இறங்கினால் சர்க்யூட் போர்டு கெட்டுவிடும். உலோகப் பூச்சே அரிக்கப்பட்டுப் போயிருந்தால் துடைப்பதில் பயனில்லை, அது சர்வீஸ் ஆள் பார்க்க வேண்டிய வேலை.

ஆன் ஆகிறது, ஆனால் 'லோடிங்' என்று யுகக்கணக்காக நிற்கிறது என்றால் கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். உடனே ஆன் ஆனால் கார்டில் ஃபைல்கள் குவிந்துவிட்டன, அல்லது கார்டு சரியில்லை. நகல் எடுத்துக்கொண்டு ஃபார்மேட் செய்யுங்கள்.

பேட்டரி அளவு ஏமாற்றுகிறது

மெனுவில் பேட்டரி வகை என்று ஒன்று இருக்கும். அல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட். வகையை மாற்றிச் சொல்லாமல் ரீசார்ஜ் செல் போட்டால், முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தும் பாதிதான் இருப்பதாகக் காட்டும். எதிர்ப்பக்கமாக நடந்தால் இன்னும் மோசம்: நிறைய இருப்பதாகக் காட்டிக்கொண்டே போய்த் திடீரென்று அணைந்துவிடும்.

அளவு சரியாகக் காட்டியும் சீக்கிரம் தீர்ந்தால் 48 வோல்ட் பேண்டம் பவரைப் பாருங்கள். எக்ஸ்எல்ஆர் (மூன்று முனையுள்ள பெரிய மைக் பிளக்) துளையுள்ள ரெக்கார்டர்களில் கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுப்பது இது, செல்லைக் குடிப்பதும் இதுதான். டைனமிக் மைக்கோ உள் மைக்கோ பயன்படுத்தும்போது இது தேவையே இல்லை, அணைத்துவிடுங்கள். திரை வெளிச்சம் எப்போதும் எரிவதும் செலவுதான், ஆனால் அது சில்லறைச் செலவு.

பதிவானதாக நினைத்தோம், ஃபைலே இல்லை

டாஸ்கம் டிஆர்-05, ஜூம் எச்4என் போன்ற கருவிகளில் சிவப்புப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் விளக்கு மினுக்கும், அளவுமானி ஆடும், ஹெட்போனில் சத்தமும் கேட்கும். எல்லாம் நடக்கிற மாதிரியே இருக்கும், பதிவு மட்டும் நடக்காது. அது தயார் நிலை. இரண்டாவது முறை அழுத்தினால்தான் ஓடத் தொடங்கும். விளக்கு மினுக்கினால் காத்திருக்கிறது, நிலையாக எரிந்தால் பதிகிறது. ஆனாலும் விளக்கை நம்பாதீர்கள். திரையில் நொடி எண் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே உறுதியான வழி.

ஃபைல் இருக்கிறது, ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் சொல் மட்டும் விழுங்கப்பட்டிருக்கிறது என்றால், குரல் கேட்டால் தானாகத் தொடங்கும் வசதி ஆனில் இருக்கிறது. சத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே அது விழித்துக்கொள்ளும். நேர்காணலுக்கு அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கார்டில் மிச்சமாகும் இடம் அந்தத் தொலைந்த சொற்களுக்கு ஈடாகாது.

கார்டு பிழை, எழுத முடியவில்லை, நடுவில் டிக் டிக் என்று வெட்டு

எஸ்டி கார்டின் ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டுத் தாழ்ப்பாள் கீழே இறங்கியிருந்தால் எழுத விடாது. அதைப் பார்த்துவிட்டு கார்டின் அளவைப் பாருங்கள். 4 முதல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. பழைய கருவிகள் பல 32 ஜிபியோடு நின்றுவிடும். 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டுக் கருவியைத் திட்டிப் பயனில்லை.

பதிவின் நடுவே வரும் டிக் சத்தத்துக்கும் துண்டிப்புக்கும் கார்டின் வேகம் போதவில்லை என்று பலர் விலை கூடிய கார்டு தேடிப் போவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தேவையில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ பதிவுக்கு நொடிக்கு 0.3 எம்பிகூட ஆகாது. கிளாஸ் 4 என்று குறித்த சாதாரணக் கார்டே நொடிக்கு 4 எம்பி எழுதும். தேய்ந்துபோன கார்டும் போலிக் கார்டும்தான் எழுதும்போது நடுநடுவே திக்கி நிற்கும். 64 என்று அச்சிட்டு உள்ளே 8 மட்டும் வைத்திருக்கும் போலிகளைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும். புதுக் கார்டு வாங்கியதும் முதலில் இதை ஓட்டுவது நல்ல பழக்கம்.

ஃபார்மேட்டைக் கணினியில் செய்யாமல் ரெக்கார்டரிலேயே செய்யுங்கள். தனக்கு வேண்டிய ஃபோல்டர் அமைப்பை அதுவே போட்டுக்கொள்ளும்.

ஃபைல் இருக்கிறது, திறக்க மறுக்கிறது

பதிவு ஓடும்போது செல் கழன்றாலோ கார்டை உருவினாலோ இது நேரும். ஒரு வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்ற அளவு எழுதப்பட்டிருக்கும். பல கருவிகள் அதை நிறுத்து பட்டனை அழுத்திய பிறகே சரியாக நிரப்புகின்றன. அதற்கு முன் மின்சாரம் போனால் ஒலி கார்டில் கிடக்கும், தலைப்பு மட்டும் 'நீளம் பூஜ்யம்' என்று பொய் சொல்லும். எம்பி3 சிறு சிறு துண்டுகளாகத் தன் விவரத்தைத் தானே சுமந்துகொண்டு போவதால் இந்த விஷயத்தில் கெட்டி. பதிவான இடம் வரைக்கும் ஒலிக்கும்.

கார்டில் இனி எதையும் எழுதக் கூடாது. ரெக்கார்டரில் போட்டு ஆன் செய்வதும் வேண்டாம். கார்டு ரீடர் வழியாகக் கணினியில் செருகி ஃபைலின் அளவைப் பாருங்கள்.

அளவு நூறு எம்பி, ஒரு ஜிபி என்று பெரிதாகத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அதைக் கணினிக்கு நகலெடுத்து, ஆடாசிட்டி மென்பொருளில் ஃபைல் மெனுவின் இம்போர்ட் பகுதியில் உள்ள ரா டேட்டாவைத் தேர்ந்தெடுங்கள். அது கேட்கும் விவரங்களைப் பதிவு செய்தபோது இருந்தபடியே கொடுக்க வேண்டும்: 16 பிட்டா 24 பிட்டா, ஒரு சேனலா இரண்டா, நொடிக்கு எத்தனை மாதிரி (ஒலியை அளந்தெடுத்த எண், அதாவது சாம்பிள்), 44100-ஆ 48000-ஆ. பைட் வரிசைக்கு லிட்டில் எண்டியன். விடை தவறாக இருந்தால் காதே சொல்லிவிடும். பிட் தவறினால் வெறும் இரைச்சல், வேகம் தவறினால் குரல் இழுபடும் அல்லது கீச்சிடும். 24 பிட் என்று சரியாகக் கொடுத்தும் இரைச்சலாகவே வந்தால் தொடக்கப் புள்ளியை 1 பைட், பிறகு 2 பைட் தள்ளிப் பாருங்கள். மூன்று பைட் சேர்ந்ததுதான் ஒரு மாதிரி என்பதால், படிக்கத் தொடங்கும் இடம் ஒரு பைட் பிசகினாலும் எல்லாம் குழம்பும். முதலில் ஒரு சின்ன 'டப்' கேட்கும், அது தலைப்பை ஒலியாகப் படித்ததால் வருவது, வெட்டிவிடலாம்.

ஃபைலின் அளவே பூஜ்யம், அல்லது ஃபைலே இல்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி கார்டைத் துழாவி வேவ் ஃபைல்களைத் தேடி எடுக்கும். பெயரும் தேதியும் போயிருக்கும், பல நேரங்களில் ஒலி கிடைத்துவிடும். மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது.

நீளமான பதிவு துண்டு துண்டாக இருக்கிறது

இது கோளாறே இல்லை. வேவ் ஃபைலின் தலைப்பில் அளவை எழுத ஒதுக்கிய இடம் 4 ஜிபிக்கு மேல் தாங்காது. சில கருவிகள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் ஸ்டீரியோவில் 2 ஜிபி என்பது ஏறக்குறைய 2 மணி நேரம். நல்ல கருவிகளில் துண்டுகளுக்கு இடையே ஒரு மாதிரிகூட விழாது, ஒட்டிவிட்டால் தையல் தெரியாது. பேச்சுதானே என்றால் 16 பிட், மோனோ வைத்தால் வெட்டு வெகுதூரம் தள்ளிப் போகும்.

உரக்கப் பேசும் இடமெல்லாம் கரகரப்பு

பதிவை ஆடாசிட்டியில் திறந்து, கரகரக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சி உருண்டையாக இல்லாமல் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

சரியாக 0 டெசிபலில் நின்றால் உள்வாங்கும் அளவு அதிகம். டிஜிட்டலில் 0-வுக்கு மேல் இடம் கிடையாது. சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி அளவைக் குறைத்துவையுங்கள். சன்னமாகப் போய்விடுமே என்ற பயம் 24 பிட் பதிவில் தேவையில்லை, பிறகு தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். வெடித்த ஒலியைச் சரிசெய்வது பெரும்பாடு. சோதிக்கும்போது பேசுபவரை 'ஒன்று இரண்டு மூன்று' சொல்லச் சொன்னால் அடக்கமாகச் சொல்வார். சிரிக்க வைத்துப் பாருங்கள், உண்மையான உச்சம் அப்போதுதான் தெரியும்.

தட்டை 0-வுக்குக் கீழே, மைனஸ் 6-லோ மைனஸ் 10-லோ நிற்கிறது என்றால் கதை வேறு. ஒலி டிஜிட்டலாக மாறும் முன்பே வெடித்துவிட்டது. ஒலி மிக்ஸரிலிருந்து வரும் லைன் அளவு மின்சாரத்தை மைக் துளையில் செருகினால் இதுதான் நடக்கும். மைக் தருவது மில்லிவோல்ட், லைன் தருவது ஒரு வோல்ட் அளவு. அளவுக் குமிழை எவ்வளவு இறக்கினாலும் கரகரப்பு குறையாமல் சன்னமாக மட்டும் ஆகும். அதுவே அடையாளம். லைன் துளையில் மாட்டுங்கள், அல்லது மெனுவில் உள்ளீட்டை லைன் என்று மாற்றுங்கள். இரண்டும் இல்லாத கருவி என்றால் நடுவே அளவைக் குறைத்துக் கொடுக்கும் அட்டென்யுவேட்டர் கேபிள் ஒன்று வேண்டும்.

32 பிட் ஃப்ளோட் கருவி வைத்திருப்பவர்கள் 'எங்களுக்கு இந்தக் கவலை இல்லை' என்பார்கள். பெருமளவு உண்மைதான், 0-வைத் தாண்டியதையும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே தாங்காமல் திணறியிருந்தால் எந்த ஃப்ளோட்டும் காப்பாற்றாது.

சன்னமாக இருக்கிறது, ஏற்றினால் உஸ்ஸென்ற இரைச்சல்

மைக் தூரத்தில் இருக்கிறது. வேறு காரணம் தேடுவதற்கு முன் பாதித் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். எந்த விலை உயர்ந்த கருவியும் இதைச் செய்து தராது.

பேச்சு நின்றதும் விசிறிச் சத்தம் மெல்ல மேலெழுந்து, பேசத் தொடங்கியதும் அடங்குகிறதா? தானியங்கி அளவுக் கட்டுப்பாடு வேலை செய்கிறது. அமைதி வந்தால் ஏதோ குறைகிறது என்று நினைத்து அது ஏற்றிக்கொண்டே போகும். அணைத்துவிட்டுக் கையால் அளவு வையுங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது, அல்லது போன் ஸ்பீக்கரில் குரலே காணோம்

ஒரு பக்கம் மட்டும் என்றால் சுலபம். ஒற்றை மைக்கை ஸ்டீரியோ துளையில் மாட்டியிருக்கிறீர்கள். மெனுவில் மோனோவாக மாற்றுங்கள், ஏற்கெனவே பதிந்ததை மென்பொருளில் ஒரு சேனலை மட்டும் எடுத்து மோனோவாக்கிக்கொள்ளுங்கள்.

சட்டையில் குத்தும் மைக் சுத்தமாக ஊமையாக இருந்தால் அதன் பிளக்கைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் டிஆர்ஆர்எஸ், போனுக்காகச் செய்தது. ரெக்கார்டர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது இரண்டு வளையமுள்ள டிஆர்எஸ். சின்ன அடாப்டர் ஒன்று போதும். பிளக் சரி, இன்னும் ஊமை என்றால் மெனுவில் பிளக்-இன் பவரை ஆன் செய்யுங்கள். அந்த மைக்குக்கு ஓரிரண்டு வோல்ட் தேவை, அதைத் துளை வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

குழப்பமே இந்த மூன்றாவது வகையில்தான். ஹெட்போனில் குரல் கேட்கிறது, என்னவோ தலைக்குள் ஒட்டாமல் இரண்டு பக்கமும் அலைகிற மாதிரி இருக்கிறது, சரி என்று விட்டுவிடுகிறோம். அனுப்பிய நண்பர் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றுமே இல்லையே என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. எக்ஸ்எல்ஆர் மைக்கின் இரண்டு கம்பிகளில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் வரும். அதை மலிவான கேபிள் ஒன்றால் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ துளையில் மாட்டினால் நேரானது இடப்பக்கமும் தலைகீழானது வலப்பக்கமும் பதிந்துவிடும். மோனோ ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிறது. பதிவு கெட்டுப்போகவில்லை, வலது சேனலை அழித்துவிட்டு இடதை மட்டும் வைத்துக்கொண்டால் முடிந்தது. அடுத்த பதிவுக்கு முன் கேபிளை மாற்றுங்கள்.

ஹூம் என்ற ரீங்காரம், திடீர் டட்டட்ட சத்தம்

இடைவிடாத ஆழ்ந்த ரீங்காரம் சுவர் மின்சாரத்திலிருந்து வருவது, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். சார்ஜரைப் பிடுங்கி செல்லில் ஓட்டுங்கள். போய்விட்டால் கிரவுண்டு சுற்று (கருவிகளின் தரை இணைப்புகள் வழியே மின்சாரம் சுற்றி வருவது), அல்லது சார்ஜரே அழுக்கு மின்சாரம் தருகிறது. பவர் பேங்க்கில் ஓட்டிப் பார்க்கலாம்.

விட்டு விட்டு வரும் டட்டட்ட சத்தத்துக்கு அருகில் உள்ள போன் காரணம். 2ஜி அலைவரிசையில் போன் நொடிக்கு 217 தடவை துடிக்கிறது, அதை மைக் கேபிள் ஏரியல் போலப் பிடித்துக்கொள்ளும். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். சைலன்ட் போதாது.

காற்றும் கைபடும் ஒலியும்

கறுப்புப் பஞ்சுத் தொப்பி வாய்க்காற்றுக்குத்தான். வெளியில் வீசும் காற்றுக்கு ரோமத் தொப்பி வேண்டும். 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழ்ந்த ஒலியை வெட்டும் லோ கட் வசதியை ஆன் செய்வது கடகடப்பைக் குறைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பிக் காற்றில் நிற்காதீர்கள். கையில் பிடித்தால் விரல் நகர்வதெல்லாம் பதியும், சின்ன டிரைபாடில் வையுங்கள்.

வீடியோவோடு உதடு ஒட்டவில்லை

தொடக்கத்திலிருந்தே குரல் கனத்து மெதுவாக ஓடினால் 48000-இல் பதிந்ததை 44100 என்று எண்ணி மென்பொருள் ஓட்டுகிறது. ப்ராஜெக்ட் அமைப்பை மாற்றினால் சரியாகும். தொடக்கத்தில் ஒட்டி, போகப் போக விலகினால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடவில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி நொடி நழுவும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் கை தட்டி வைத்துக்கொண்டால் இரண்டு முனையையும் பொருத்தி ஒலியை இழுத்துவிடலாம்.

கணினியில் தெரியவில்லை, தேதி 2000-க்கோ எதற்கோ போய்விட்டது

தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் சார்ஜ் மட்டும் ஏற்றும் யூஎஸ்பி கேபிள். அல்லது ரெக்கார்டரின் திரையில் 'ஸ்டோரேஜ்' தேர்ந்தெடுக்கச் சொல்லி அது காத்துக்கொண்டிருக்கும். தேதி போவது செல்லை நீண்ட நாள் கழற்றி வைத்ததால். வேலைக்குக் கிளம்பும் முன் சரிசெய்யாவிட்டால் ஃபைல்களை வரிசைப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பஞ்சு உதிர்கிறது, உடம்பு பிசுபிசுக்கிறது

பழைய பஞ்சுத் தொப்பியை விரலால் அழுத்திப் பாருங்கள், திரும்ப எழாமல் பொடியாக உதிர்ந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அந்தப் பொடி மைக்கின் வலைக்குள் போனால் எடுக்க முடியாது. ஊதவும் கூடாது, கருவியைக் கவிழ்த்துப் பிடித்து மென்மையான பிரஷால் வெளிப்பக்கமாக மட்டும் தட்டுங்கள். பிசுபிசுக்கும் ரப்பர் பூச்சை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுக்கலாம். எழுத்துகளும் சேர்ந்து அழியக்கூடும், திரையின் மேல் படக் கூடாது. எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து ஈரமான வெளிக்குக் கொண்டுபோனால் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுவைத்துப் பிறகு எடுங்கள். மைக்கின் மேல் நீர்த்திவலை படிந்தால் பதிவில் பட்பட்டென்று சத்தம் கேட்கும், காய்ந்தால் போய்விடும்.

இதையெல்லாம் செய்தும் உள் மைக்கில், புது செல்லில், நல்ல கார்டில் அதே தொல்லை நீடிக்கிறதா? அப்போது சர்வீஸ்தான். போகும்போது கருவியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். தொல்லை கேட்கும் முப்பது நொடிப் பதிவும், ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எண்ணும், எந்தெந்த அமைப்பில் அது வருகிறது என்ற குறிப்பும் கையில் இருக்கட்டும். கார்டை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.